வீடியோவுல நகர்றதை அளக்குறது: திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

ஃபைனல் இயர் பசங்க, வேலைக்குப் புதுசா சேர்ந்தவங்க, வீட்டுல ட்ரோன் கட்டுறவங்கன்னு கொஞ்ச வருஷமா இந்த ஒரே சப்ஜெக்ட்ல என்கிட்ட சந்தேகம் வந்துட்டே இருக்கு. ஒரே பதிலை இருபது தடவை டைப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம், அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுட்டேன். கேள்வி எல்லாம் அவங்க கேட்ட வாக்கியத்துலயே இருக்கு. நம்பர் போட்டது எதுக்குன்னா பின்னாடி "நாலாவதைப் பாருங்க"ன்னு சொல்லி நான் தப்பிக்கிறதுக்கு.

1. அக்கா, ஆப்டிகல் ஃப்ளோன்னா என்னன்னு முதல்ல சொல்லுங்க, எல்லாரும் ஃபார்முலாவுலயே ஆரம்பிக்கிறாங்க

வீடியோவுல அடுத்தடுத்த ரெண்டு ஃபிரேமை எடுத்துக்கோங்க. முதல் படத்துல இங்க இருந்த புள்ளி ரெண்டாவது படத்துல எங்க போயிருக்கு, பக்கவாட்டுல எத்தனை பிக்சல், மேல கீழ எத்தனை பிக்சல், இதை ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதி வெச்சா அதுதான் ஆப்டிகல் ஃப்ளோ. ஒரு புள்ளிக்கு ரெண்டு நம்பர், அவ்வளவுதான்.

இந்த யோசனை கம்ப்யூட்டர் ஆளுங்களோடது கூட இல்ல. ஜேம்ஸ் கிப்சன்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆராய்ச்சியாளர், ரெண்டாம் உலகப் போர் சமயத்துல விமானிங்க எப்படி பார்த்து இறங்குறாங்கன்னு ஆராய்ஞ்சவரு. விமானம் எந்த இடத்தை நோக்கிப் போகுதோ அந்த ஒரு புள்ளி மட்டும் கண்ணுக்கு அசையாம நிக்கும், மத்ததெல்லாம் அதுல இருந்து வெளியே விரிஞ்சு ஓடும். பைக் ஓட்டும்போது நீங்களே கவனிச்சுப் பாருங்க (மெதுவா ஓட்டும்போது).

ஒண்ணை மட்டும் இப்பவே மனசுல வெச்சுக்கோங்க. படத்துல வெளிச்சம் நகர்றது வேற, பொருள் நகர்றது வேற. ஒரே நிறத்துல இருக்கிற, ஒரு கீறல் கூட இல்லாத பந்தை நின்ன இடத்துலயே சுத்தி விடுங்க, படம் மாறவே மாறாது, ஃப்ளோ பூஜ்யம். பந்தை சும்மா வெச்சுட்டு டார்ச்சை நகர்த்துங்க, ஃப்ளோ வந்துடும். கீழ வர்ற பாதி சந்தேகம் இந்த இடத்துல இருந்துதான் கிளம்புது.

2. ரெண்டு ஃபிரேமை கழிச்சாலே நகர்ந்தது தெரியுதே, அப்புறம் எதுக்கு இவ்வளவு கணக்கு?

கழிச்சா "இங்க ஏதோ மாறிச்சு"ன்னு தெரியும். எந்தப் பக்கம் போச்சு, எவ்வளவு போச்சுன்னு தெரியாது. வாசல்ல ஆள் வந்தா போன்ல அலர்ட் வரணும்னா அது தாராளமா போதும், ஓப்பன்சிவில (படம், வீடியோ கணக்குக்கு எல்லாரும் எடுக்கிற இலவச கோட் தொகுப்பு) எம்ஓஜி2ன்னு ஒண்ணு இருக்கு, பின்னணி எப்படி இருக்கும்னு தானா கத்துக்கிட்டு அதுல ஒட்டாததை மட்டும் காட்டும், அதைப் போட்டுட்டுப் போயிட்டே இருங்க. திசையும் வேகமும் வேணும்னாதான் ஃப்ளோ.

3. "பிரைட்னஸ் மாறாது"ன்னு எடுத்துக்கிறோம்னு புக்ல இருக்கு, அதுல இருந்து வேகம் எப்படி வருது, எனக்கு அந்த ஜம்ப் புரியவே இல்ல

ஃபார்முலாவை மறந்துட்டு ஒரு கணக்கு போடுவோம். படத்துல ஒரு இடத்துல வலது பக்கம் போகப் போக ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சம் 10 கூடிட்டே போகுதுன்னு வெச்சுக்கோங்க. ஒரு பிக்சல்ல இப்போ 100 இருக்கு, அப்போ அதுக்கு ரெண்டு பிக்சல் இடது பக்கம் 80 இருக்கும். அடுத்த ஃபிரேம்ல அதே பிக்சலைப் பார்த்தா 80 இருக்கு. இடது பக்கம் ரெண்டு பிக்சல் தள்ளி இருந்தவன் இங்க வந்து உக்காந்துட்டான், அதாவது படம் வலது பக்கம் 2 பிக்சல் நகர்ந்திருக்கு. நேரத்துல 20 குறைஞ்சது, இடத்துல பிக்சலுக்கு 10 கூடுது, 20ஐ 10ஆல வகுத்தா 2. மொத்த சமன்பாடும் இதுதான்.

சிக்கல் எங்கன்னா படத்துக்கு ரெண்டு திசை இருக்கு. பக்கவாட்டு வேகம், மேல்கீழ் வேகம்னு கண்டுபிடிக்க வேண்டியது ரெண்டு, ஆனா ஒரு பிக்சல்ல இருந்து கிடைக்கிற சமன்பாடு ஒண்ணே ஒண்ணு. ஸ்கூல்லயே சொல்லியிருப்பாங்க, ரெண்டு தெரியாததுக்கு ஒரு சமன்பாடு பத்தாதுன்னு.

4. அப்பர்ச்சர் ப்ராப்ளம்னு எல்லா லெக்சர்லயும் வருது, அந்த சலூன் கம்பம் படம் காட்டுறாங்க, இருந்தும் மண்டையில ஏறல

கம்பத்தை விடுங்க, கொடியில துணி காயப் போட்டிருக்குன்னு நினைச்சுக்கோங்க. ஒரு அட்டையில சின்ன ஓட்டை (அதுதான் அப்பர்ச்சர்) போட்டு அது வழியா மட்டும் பாக்குறீங்க. செங்குத்தா கோடு போட்ட பெட்ஷீட் தொங்குது. அது பக்கவாட்டுல நகர்ந்தா கோடு நகர்றது தெரியும். மேல இருந்து கீழ இறங்கினா? ஓட்டைக்குள்ள ஒண்ணுமே மாறாது. சாய்வா நகர்ந்தாலும் பக்கவாட்டுப் பங்கு மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். கோட்டுக்குக் குறுக்கே நகர்றது தெரியும், கோடு போற வழியிலயே நகர்றது தெரியாது. மூணாவதுல சொன்ன ஒரு சமன்பாடு ரெண்டு தெரியாததுதான் இது, கண்ணுக்குத் தெரியிற மாதிரி.

இப்போ அதே ஓட்டை வழியா கட்டம் போட்ட லுங்கியைப் பாருங்க. ரெண்டு கோடு குறுக்கே வெட்டுற இடம் ஓட்டைக்குள்ள இருந்தா எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண்டுபிடிச்சுடலாம். கோடு கெட்டவன், மூலை நல்லவன், இப்படியே ஞாபகம் வெச்சுக்கோங்க. ஆனா லுங்கிக்கும் ஒரு குசும்பு இருக்கு, சரியா ஒரு கட்டம் அளவுக்கு நகர்ந்தா பழையபடியே தெரியும். அந்தக் கதை பதிமூணாவதுல.

5. லூகாஸ்-கனாடே, ஹார்ன்-ஷுங்க், ஃபார்னபேக், எதை எப்போ யூஸ் பண்றது?

முதல் ரெண்டும் 1981. பத்தாத அந்த இன்னொரு சமன்பாட்டை எங்க இருந்து கடன் வாங்குறாங்கங்கிறதுலதான் வித்தியாசமே. கார்னகி மெலன்ல இருந்த புரூஸ் லூகாஸும் டகேயோ கனாடேவும், ஒரு சின்ன ஜன்னலுக்குள்ள இருக்கிற பிக்சல் எல்லாம் ஒண்ணா ஒரே மாதிரி நகருதுன்னு எடுத்துக்கிட்டாங்க. 21க்கு 21 ஜன்னல்னா 441 சமன்பாடு, தெரியாதது ரெண்டே ரெண்டு, லீஸ்ட் ஸ்கொயர்ஸ்ல (மொத்தப் பிழை குறைவா வர்ற விடையை எடுக்கிற முறை) போட்டுடலாம். (அவங்க அதை எழுதினது ஸ்டீரியோ கேமராவுக்காக, ட்ராக்கிங்னு அப்புறம்தான் பேர் வாங்குச்சு.) எம்ஐடில பெர்த்தோல்ட் ஹார்னும் பிரையன் ஷுங்க்கும் வேற வழி பிடிச்சாங்க, பக்கத்து பிக்சல் எப்படிப் போறானோ கிட்டத்தட்ட அப்படியே நானும் போவேன்னு படம் முழுக்க ஒரு கட்டுப்பாடு. இதுல ஒவ்வொரு பிக்சலுக்கும் விடை வரும், ஆனா காரோட ஓரத்துல காரோட வேகமும் ரோட்டோட வேகமும் சாம்பார் ரசம் மாதிரி கலந்துடும். அந்த ஓரத்தை வெட்டி எடுக்கத்தான் 2007ல டிவி-எல்1ங்கிற முறை வந்துச்சு.

ஃபார்னபேக் ஸ்வீடன்காரரு, 2003. ஒவ்வொரு சின்ன பகுதியையும் ஒரு இருபடி வளைபரப்பா மாத்தி அந்தப் பரப்பு எவ்வளவு தள்ளியிருக்குன்னு பார்க்கிறது. ஓப்பன்சிவில ரெடியா இருக்கிறதால எல்லா ப்ராஜெக்ட்லயும் இதுதான். என் பழக்கம் என்னன்னா, சில நூறு புள்ளி போதும்னா லூகாஸ்-கனாடே, படம் முழுக்க வேணும், ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) இல்லைன்னா ஃபார்னபேக், ஜிபியு இருந்தா பதினாறாவதுக்குப் போங்க.

6. எல்லா பிக்சலையும் ட்ராக் பண்ணாம சில புள்ளிய மட்டும் எடுக்கிறாங்களே, எந்தப் புள்ளின்னு யார் முடிவு பண்றது?

நாலாவதுல சொன்ன மூலைங்கதான். ஷியும் டொமாசியும் 1994ல இதை அழகா முடிச்சு வெச்சாங்க. ஜன்னலுக்குள்ள வெளிச்சம் எந்தெந்தத் திசையில மாறுதுன்னு பார்த்தா ரெண்டு ஐகன் மதிப்பு வரும். ரெண்டும் சின்னதுன்னா வெள்ளைச் சுவர், ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னதுன்னா கோடு, ரெண்டுமே பெருசுன்னா மூலை. சின்னவனா இருக்கிறவன் எவ்வளவு பெருசுன்னு மட்டும் பாருன்னாங்க. ஓப்பன்சிவில "குட் ஃபீச்சர்ஸ் டு ட்ராக்"னு ஒரு ஃபங்ஷன் இருக்கே, அது அந்தக் கட்டுரையோட தலைப்பேதான்.

உங்க கையில இருக்கிற மவுஸும் இதே ஜாதிதான். அடியில தம்மாத்துண்டு கேமரா, நொடிக்கு ஆயிரத்துக்கும் மேல படம் எடுத்து மேஜையோட சொரசொரப்பு எவ்வளவு தள்ளிப் போச்சுன்னு பார்க்குது. கண்ணாடி மேஜையில வெச்சா திணறும் பாருங்க, அங்க மூலையும் இல்ல கோடும் இல்ல.

7. மெதுவா போற வண்டிக்கு சூப்பரா வருது, வேகமா போற வண்டில புள்ளி எல்லாம் பின்னாடியே விட்டுடுது அக்கா

மூணாவது கணக்கைத் திரும்பப் பாருங்க, "பிக்சலுக்கு 10 கூடுது"ங்கிறது பக்கத்துல ஒண்ணு ரெண்டு பிக்சலுக்குத்தான் உண்மை. 40 பிக்சல் தாண்டிப் போனா அங்க வேற எதுவோ இருக்கும். அதனால படத்தைப் பாதியா, காலா, அரைக்காலா சுருக்கி ஒரு பிரமிட் கட்டுறாங்க. 40 பிக்சல் தாவல் அரைக்கால் படத்துல 5 பிக்சல்தான். அங்க தோராயமா பிடிச்சுட்டு ஒவ்வொரு படியா கீழ இறங்கி சரி பண்றது. ஓப்பன்சிவி லூகாஸ்-கனாடேல லெவல் 3ன்னு டிஃபால்ட்டா இருக்கிறது இந்த அரைக்கால் வரைக்கும்தான். அதுக்கும் பத்தலைன்னா லெவலைக் கூட்டிட்டே போகாதீங்க, சுருக்கச் சுருக்க சின்ன வண்டி எல்லாம் காணாமலே போயிடும், எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) அதிகமான கேமராவை வாங்குங்க.

8. அவுட்புட் கலர் கலரா வருது, அது என்ன கணக்கு? ஆனா யாருமே இல்லாத ரூம்லயும் கலர் அள்ளுது, பேய் இருக்கா?

கலர் வந்து திசை, பளபளப்பு வந்து வேகம். பேயும் இல்ல பிசாசும் இல்ல, நீங்க காப்பி அடிச்ச சாம்பிள் கோட்ல நார்மலைஸ்னு ஒரு வரி இருக்கும் பாருங்க, அது ஒவ்வொரு ஃபிரேம்லயும் இருக்கிறதுலயே அதிகமான வேகத்தை முழு பளபளப்புக்கு ஏத்தி விட்டுடும். யாருமே நகரலைன்னா அதிகபட்சம் 0.2 பிக்சல் நாய்ஸா இருக்கும், அதையே 255க்கு இழுத்து விட்டா தீபாவளிதான். அந்த வரியைத் தூக்கிட்டு, "20 பிக்சல்னா முழு வெளிச்சம்"னு நீங்களே ஒரு எல்லை வைங்க. அப்படியே இன்னொண்ணு, படத்துல மேல்கீழ் அச்சு கீழ்நோக்கித்தான் கூடும், ப்ளஸ் வந்தா கீழ போகுதுன்னு அர்த்தம். இதுல ஏமாறாத ஆளே இல்ல.

9. ஸ்டேட்டஸ் 1ன்னு வருதே, அப்போ அந்தப் புள்ளி கரெக்ட்தானே?

இல்லைங்க. ஓப்பன்சிவி லூகாஸ்-கனாடே ஒவ்வொரு புள்ளிக்கும் 1 அல்லது 0ன்னு ஒரு ஸ்டேட்டஸ் தரும். 1ன்னா "எதையோ கண்டுபிடிச்சேன்"னுதான் அதுக்கு அர்த்தம், "அதையே கண்டுபிடிச்சேன்"னு இல்ல. பஸ்ஸுக்குப் பின்னாடி ஆட்டோ மறைஞ்சா ஆட்டோ மேல இருந்த புள்ளி கூச்சமே இல்லாம பஸ் மேல தாவி உக்காந்துக்கும், ஸ்டேட்டஸ் 1தான் வரும். எளிய வைத்தியம், போய்ட்டுத் திரும்பி வரச் சொல்றது. ஒண்ணாவது ஃபிரேம்ல இருந்து ரெண்டாவதுக்கு ட்ராக் பண்ணுங்க, கிடைச்ச இடத்துல இருந்து திரும்ப ஒண்ணாவதுக்கு ட்ராக் பண்ணுங்க, கிளம்பின இடத்துக்கு ஒரு பிக்சல் சுத்துக்குள்ள வந்து சேரலைன்னா தூக்கிப் போட்டுடுங்க. நேரம் ரெண்டு மடங்கு ஆகும், பரவாயில்ல, செய்யுங்க.

10. ஃபிரேமுக்கு 8 பிக்சல்னு வருது, இதை எத்தனை கிலோமீட்டர் வேகம்னு எப்படி மாத்துறது? ரிவ்யூல அதைத்தான் கேப்பாங்க

அதிகமா வந்த கேள்வி இதுதான், அதிகமா தப்பு நடக்கிற இடமும் இதுதான். பிக்சலை மீட்டராக்க ஒரே ஒரு பெருக்கல் எண் கிடையாது, கிட்ட இருக்கிற ஒரு மீட்டர் 20 பிக்சல்னா தூரத்துல இருக்கிற ஒரு மீட்டர் 4 பிக்சல்தான் இருக்கும். ரோடு தட்டையா இருந்தா வழி இருக்கு. ரோட்டுல நாலு புள்ளிய டேப் வெச்சு அளந்து (ஒரே நேர்கோட்டுல மூணு புள்ளி வரக் கூடாது) ஹோமோகிராஃபி (ஒரு தட்டைப் பரப்பை வேற கோணத்துப் பார்வைக்கு மாத்துற கணக்கு) போட்டா படத்துல இருக்கிற ரோடு மேல இருந்து பார்த்த மேப் மாதிரி விரிஞ்சுடும், அதுல அளக்கலாம்.

ஆனா அது ரோட்டுக்கு மட்டும்தான் உண்மை. ரோட்டுக்கு மேல உயரத்துல இருக்கிற புள்ளி எல்லாம் அந்த மேப்ல தன்னோட நிழல் மாதிரி தள்ளிப் போய் விழும். கேமரா 6 மீட்டர் உயரத்துல இருக்கு, பஸ்ஸோட கூரை 3 மீட்டர்னா, கூரையில இருக்கிற புள்ளி மேப்ல நிஜத்தைவிட சரியா ரெண்டு மடங்கு வேகமா ஓடும் (6ஐ, 6ல இருந்து 3 போன மிச்சத்தால வகுங்க). ஒரு பையன் டவுன் பஸ்ஸுக்கு 90 கிலோமீட்டர்னு ரிப்போர்ட்ல எழுதிட்டு வந்தான், அவன் ட்ராக் பண்ணின புள்ளி எல்லாம் கூரையில. டயர் ரோட்டைத் தொடுற இடத்தை எடுங்க.

அடுத்தது, பக்கத்து ரெண்டு ஃபிரேமை வெச்சு வேகம் சொல்லாதீங்க. 60 கிலோமீட்டர்ல போற கார் நொடிக்கு 16.7 மீட்டர், 30 எஃப்பிஎஸ்ல ஃபிரேமுக்கு 56 சென்டிமீட்டர். தூரத்துல, மீட்டருக்கு 4 பிக்சல் இருக்கிற இடத்துல, அது ரெண்டு பிக்சலுக்குக் கொஞ்சம் மேல, அங்க ஒரு பிக்சல் தப்பினா 25 சென்டிமீட்டர், நொடிக்கு 7.5 மீட்டர், அதாவது மணிக்கு 27 கிலோமீட்டர் தப்பு! அதே ஒரு பிக்சல் தப்பை முழுசா ஒரு நொடி ஓட விட்டு அளந்தா 0.9 கிலோமீட்டர்தான். வித்தியாசத்தைப் பாருங்க.

11. வீடியோ 30 எஃப்பிஎஸ்னுதான் போட்டிருக்கு, நேரத்துக்கு 30ஆல வகுத்துக்கலாம் இல்ல?

போன்ல எடுத்ததா இருந்தா நம்பாதீங்க. வெளிச்சம் குறைஞ்சா போன் தானாவே ஃபிரேமைக் குறைச்சுக்கும். சில சிசிடிவி ரெக்கார்டர் கணக்கை ஈடுகட்ட ஒரே ஃபிரேமை ரெண்டு தடவை போட்டு வைக்கும், அப்போ அஞ்சாறு ஃபிரேமுக்கு ஒருக்கா வண்டி எல்லாம் நின்னு நின்னு போற மாதிரி ஃப்ளோ பூஜ்யத்துக்கு இறங்கும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் டைம்ஸ்டாம்ப் எடுத்து அதை வெச்சு வகுங்க.

இது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரிஞ்சுக்க செவ்வாய் கிரகம் வரைக்கும் போகணும். நாசாவோட இஞ்சென்யூட்டி ஹெலிகாப்டர் கீழ பார்த்த கறுப்பு வெள்ளை கேமராவுல நொடிக்கு 30 படம் எடுத்து, தரையில இருக்கிற புள்ளிங்க எப்படி நகருதுன்னு பார்த்துத்தான் தன்னோட வேகத்தைத் தெரிஞ்சுக்கும். 2021 மே 22, ஆறாவது பறப்பு, 54வது நொடி வாக்குல ஒரே ஒரு படம் வழியில தொலைஞ்சு போச்சு. தொலைஞ்சது பெருசில்ல, அதுக்கப்புறம் வந்த எல்லாப் படத்துக்கும் நேரம் தப்பா ஒட்டிடுச்சு. "இந்த நேரத்துல இங்க இருக்க வேண்டிய பாறை ஏன் அங்க இருக்கு"ன்னு அது தன்னைத் திருத்தித் திருத்தி 20 டிகிரிக்கு மேல அப்படியும் இப்படியும் சாய்ஞ்சு ஆடுச்சு. கடைசி இறக்கத்துல கேமராவைக் கேக்காம இறங்குற மாதிரி முன்னாடியே எழுதி வெச்சிருந்ததால பிழைச்சுது, குறிச்ச இடத்துக்கு 5 மீட்டருக்குள்ள இறங்கிடுச்சு. ஒரு ஃபிரேம்தானேன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

12. கேமராவே ஆடினா என்ன பண்றது?

முன்னாடி ஒரு தடவை நடைமேம்பாலத்து மேல நின்னு ரோட்டை வீடியோ எடுத்தேன். எனக்குப் பின்னாடி ஆளுங்க நடக்க நடக்க பாலம் அதிர்ந்து, ஓரமா பார்க் பண்ணின வண்டி எல்லாம் மணிக்கு 12 கிலோமீட்டர்ல போச்சு. அப்போதான் புத்தி வந்துச்சு. அசையாதுன்னு உறுதியா தெரிஞ்ச இடங்கள்ல (கட்டடம், போஸ்ட், ரோட்டுக் கோடு) புள்ளி எடுத்து, அதுங்க எல்லாம் சேர்ந்து எப்படி நகர்ந்துச்சோ அதுதான் கேமரா ஆட்டம், அதை மொத்தத்துல இருந்து கழிச்சுடுங்க. எது பின்னணி எது வண்டின்னு பிரிக்க ரான்சாக் போடலாம், பெரும்பான்மை எந்தப் பக்கமோ அதை எடுத்துக்கும். அதுவும் 1981ல வந்ததுதான், அந்த வருஷம் தண்ணியில ஏதோ கலந்திருந்தாங்க போல.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. கேமரா நின்ன இடத்துலயே திரும்பினா கிட்ட இருக்கிறது தூர இருக்கிறது எல்லாமே ஒரே கணக்குல நகரும், கழிக்கிறது சுலபம். கேமரா இடம் பெயர்ந்தா கிட்ட இருக்கிறது நிறைய நகரும், தூரத்துல இருக்கிறது கொஞ்சமா நகரும். பஸ் ஜன்னல்ல புளியமரம் பறக்கும், மலை கூடவே வரும் இல்ல, அதேதான். அப்போ ஒரே ஒரு ஹோமோகிராஃபியால எல்லாத்தையும் கழிக்க முடியாது, ஆழமும் தெரியணும். ட்ரோன் ஆளுங்க முதல்ல ஜைரோவை (திரும்புறதை அளக்கிற சென்சார்) வெச்சு திரும்பினதைக் கழிச்சுட்டு மிச்சத்தை மட்டும் பாருங்க.

13. வீடியோல சக்கரம் பின்னாடி சுத்துதே, ஃப்ளோவும் பின்னாடின்னுதான் காட்டுது, பக்-ஆ?

கோடுல பக் இல்ல. எட்டு ஆரம் இருக்கிற சக்கரம், ஆரத்துக்கு ஆரம் 45 டிகிரி. ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல 40 டிகிரி முன்னாடி சுத்தியிருக்கு. ஆரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதால 5 டிகிரி பின்னாடி வந்ததும் 40 டிகிரி முன்னாடி போனதும் படத்துல ஒண்ணுதான். கண்ணும் சின்ன தாவலைத்தான் நம்பும், அல்காரிதமும் அதைத்தான் நம்பும். கட்டம் போட்ட லுங்கி ஒரு கட்டம் நகர்ந்த அதே கதை. அல்காரிதத்தை மாத்தி இதை சரி பண்ண முடியாது, ஃபிரேமைக் கூட்டணும், இல்ல ஒரு ஆரத்துல சிவப்பு டேப் ஒட்டணும்.

14. யோலோ போட்டு வண்டியக் கண்டுபிடிச்சாச்சு, ட்ராக்கிங்கும் வருது, அப்போ ஃப்ளோ செத்துப் போச்சா?

ரெண்டும் வேற வேற வேலை. யோலோ ஒவ்வொரு ஃபிரேம்லயும் "இங்க கார், இங்க கார்"னு பெட்டி போடும், எந்தப் பெட்டி முன்னாடி ஃபிரேம்ல இருந்த எந்தப் பெட்டின்னு அதுக்குத் தெரியாது. அதுக்குத்தான் 2016ல வந்த சார்ட் மாதிரி ட்ராக்கர்: கால்மன் ஃபில்டர் அடுத்த ஃபிரேம்ல பெட்டி எங்க இருக்கும்னு ஜோசியம் சொல்லும், வந்த பெட்டியையும் சொன்ன பெட்டியையும் ஹங்கேரியன் முறையில ஜோடி சேர்ப்பாங்க. வண்டி எண்ணணும், யார் யார் எங்க போனாங்கன்னு பார்க்கணும்னா இது போதும், ஃப்ளோ தேவையில்ல.

ஆனா பெட்டியோட ஓரம் ஃபிரேமுக்கு ஃபிரேம் ரெண்டு மூணு பிக்சல் நடுங்கிட்டே இருக்கும், பத்தாவதுல அந்த ஒரு பிக்சல் என்ன பண்ணுச்சுன்னு பார்த்தோம் இல்ல. அதோட யோலோவுக்குக் கத்துக் கொடுக்காத பொருள் வந்தா அதுக்குக் கண்ணே தெரியாது. ஆறு ஓடுறது, புகை பரவுறது, கூட்டம் நெரியுறது இதுக்கெல்லாம் பெட்டி எங்க போடுவீங்க?

15. கிரிக்கெட்ல எல்பிடபிள்யூக்கு பால் ட்ராக்கிங் காட்டுறாங்களே, அதுவும் ஃப்ளோதானா மேடம்?

இல்ல. மணிக்கு 140 கிலோமீட்டர்ல வர்ற பந்து நொடிக்கு கிட்டத்தட்ட 39 மீட்டர். சாதாரண 30 எஃப்பிஎஸ் கேமராவுல ஃபிரேமுக்கு 1.3 மீட்டர் தாவும், பந்தோ 7 சென்டிமீட்டர் அகலம், தன்னைப் போல பதினெட்டு மடங்கு தூரம். எந்த பிரமிடும் தாங்காது. அதனால மைதானத்தைச் சுத்தி வேகமான கேமராங்களை வெச்சு, ஒவ்வொண்ணுலயும் பந்து எங்கன்னு கண்டுபிடிச்சு, எல்லாப் பார்வையும் சந்திக்கிற இடத்தை முப்பரிமாணத்துல கணக்குப் போட்டு, அது மேல ஒரு பாதையைப் பொருத்துறாங்க. பேடுல பட்டதுக்கு அப்புறம் ஸ்டம்பு வரைக்கும் காட்டுறது அளந்தது இல்ல, கணிச்சது. அம்பயர்ஸ் கால்னு ஒண்ணு இருக்கிறதுக்கு அந்தக் கணிப்போட பிழையும் ஒரு காரணம்.

16. டீப் லேர்னிங் மெத்தட் எது நல்லது? ராஃப்ட் போட்டா மெமரி இல்லைன்னு ஜிபியு அழுவுது

2015ல ஃப்ளோநெட்ங்கிற நியூரல் நெட்வொர்க் வந்துச்சு, அதுக்குப் பாடம் எடுத்த விதமே வேடிக்கை: சும்மா போட்டோ மேல கம்ப்யூட்டர்ல வரைஞ்ச நாற்காலிகளை ஒட்டிப் பறக்க விட்ட 22,872 ஜோடிப் படங்கள். பறக்கிற நாற்காலியைப் பார்த்துப் படிச்சது நிஜ ரோட்டுலயும் ஓரளவு வேலை செஞ்சுது, எனக்கு இன்னும் அது ஆச்சரியம்தான். அப்புறம் 2018ல பிடபிள்யூசி-நெட், 2020ல பிரின்ஸ்டன்ல இருந்து ராஃப்ட். இன்னைக்கும் ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் சொல்றது ராஃப்ட்தான்.

மெமரி ஏன் போகுதுன்னா, அது படத்தை எட்டுல ஒரு பங்கா சுருக்கி, முதல் படத்தோட ஒவ்வொரு புள்ளியையும் ரெண்டாவது படத்தோட எல்லாப் புள்ளியோடயும் ஒப்பிட்டு டேபிள் போட்டு வெச்சுக்கும். 1024க்கு 440 படம்னா 128க்கு 55, அதாவது 7,040 புள்ளி, டேபிள்ல அஞ்சு கோடி நம்பர், 200 எம்பி. அதே 1920க்கு 1080 போட்டா 32,400 புள்ளி, டேபிள்ல நூறு கோடி தாண்டும், இதுக்கு மட்டும் 4 ஜிபிக்கு மேல. பக்கம் ரெண்டு மடங்கானா மெமரி பதினாறு மடங்கு. படத்தைப் பாதியாக்கிக் கொடுங்க, ஜிபியு அழுகையை நிறுத்திடும்.

17. என்னோட ரிசல்ட் சரியான்னு எதை வெச்சு செக் பண்றது? நிஜ ஃப்ளோ யாருக்குத் தெரியும்?

நல்ல கேள்வி, ஏன்னா ஒவ்வொரு பிக்சலும் நிஜமா எங்க போச்சுன்னு அளக்கிற கருவியே கிடையாது. அதனால ஆளாளுக்கு ஒரு தந்திரம். மிடில்பரி டேட்டாசெட்ல (விடையோட வர்ற சோதனைப் படத் தொகுப்பு) பொருள் மேல கண்ணுக்குத் தெரியாத ஃப்ளோரசன்ட் பெயின்ட்டைத் தெளிச்சு, புற ஊதா விளக்குல தனியா ஒரு படம் எடுத்து அந்தப் புள்ளிகளை வெச்சு விடை கண்டுபிடிச்சாங்க. 2012ல வந்த கிட்டி டேட்டாசெட்ல கார் மேல லேசர் ஸ்கேனர். அதே வருஷம் வந்த சின்டெல் ஒரு அனிமேஷன் படத்துல இருந்து எடுத்தது, அங்க விடை கம்ப்யூட்டருக்கே தெரியும். மார்க் போடுறது ரொம்ப சிம்பிள்: நிஜம் வலது பக்கம் 10, நீங்க சொன்னது வலது 7 கீழ 4ன்னா ரெண்டு நுனிக்கும் நடுவுல இருக்கிற தூரம் 5 பிக்சல், இதை எல்லாப் பிக்சலுக்கும் சராசரி எடுக்கிறது.

உங்க ப்ராஜெக்டுக்கு அந்த மார்க் உதவாது. தெரிஞ்ச வேகத்துல ஒரு வண்டியை நீங்களே ஓட்டி வீடியோ எடுத்துப் பாருங்க, ஜிபிஎஸ் வேகத்தோட ஒப்பிடுங்க. ரிவ்யூல உக்காந்திருக்கிறவங்க அதைத்தான் நம்புவாங்க.

18. வீடியோ ஃபைலுக்குள்ளயே மோஷன் வெக்டர் இருக்காமே, அதை ஓசில எடுத்துக்கலாமா?

எடுக்கலாம். ஒரு கட்டத்தை முன் ஃபிரேம்ல எங்க இருந்து எடுத்துக்கணும்னு வீடியோவைச் சுருக்கும்போது எழுதி வைக்கிற குறிப்புதான் மோஷன் வெக்டர். ஆனா அது உண்மை சொல்லணும்னு போட்டது இல்ல, ஃபைல் சைஸைக் குறைக்கப் போட்டது. வானத்துல ஒரு கட்டம் பக்கத்து வானத்து மாதிரியே இருந்தா எங்க மலிவோ அங்க இருந்து எடுத்துக்கோன்னு எழுதிடும், வானம் நகர்ந்துச்சாங்கிற கவலை அதுக்கு இல்ல. "இங்க ஏதாவது நடக்குதா"ன்னு பார்க்கச் சரி, வேகம் அளக்க வேண்டாம்.

19. ஒரே கேமராவுல தூரம் தெரியாது, சரி, அப்போ முன்னாடி வர்ற வண்டி எப்போ மோதும்னு மட்டும் எப்படி சொல்றாங்க?

ஏமாத்து வேலை மாதிரி இருக்கும், ஆனா நிஜம். பக்கத்துல சின்ன பொம்மை கார் மெதுவா வர்றதும் தூரத்துல பெரிய கார் வேகமா வர்றதும் படத்துல ஒண்ணா தெரியலாம், அதனால தூரமும் வேகமும் தனித்தனியா கிடைக்காது. ரெண்டையும் வகுத்த விடை மட்டும் கிடைக்கும், அதுதான் மோத இருக்கிற நேரம். படத்துல வண்டியோட அகலம் அரை நொடில 50 பிக்சல்ல இருந்து 55 ஆச்சுன்னா நொடிக்கு 10 பிக்சல் வளருது. பழைய அகலம் 50ஐ 10ஆல வகுத்தா 5, அதாவது 55 ஆன அந்த நேரத்துல இருந்து 5 நொடி. வேகம் மாறாம நேரா வந்தா இதுதான் கணக்கு, மீட்டர்னு ஒரு வார்த்தை கூட வரல பாருங்க.

20. கடைசியா ஒண்ணு, டெக்ஸ்சரே இல்லாத இடம்னா என்ன பண்றது, வேற அல்காரிதம் போட்டா வருமா?

டெக்ஸ்சர்னா பிடிச்சுக்க இருக்கிற புள்ளி, கோடு, சொரசொரப்பு. ஆறாவதுல கண்ணாடி மேஜை மவுஸைச் சொன்னேன். பதினொண்ணாவதுல வந்த அதே இஞ்சென்யூட்டி, அஞ்சு தடவை பறந்தா போதும்னு அனுப்பினது, 72 தடவை பறந்துச்சு. 2024 ஜனவரி 18, எழுபத்திரண்டாவது தடவை, அது பறந்தது மணல் மேடுங்க இருக்கிற, பாறை அதிகம் இல்லாத வழவழப்பான இடம். பிடிச்சுக்க போதுமான புள்ளி கிடைக்காததால வேகத்தைத் தப்பா கணிச்சு, பக்கவாட்டு வேகத்தோட தரையில மோதி இறக்கை உடைஞ்சிருக்கணும்னு நாசா விசாரணையில பிறகு சொன்னாங்க. அதோட பறக்கிறது நின்னுச்சு.

ஹார்ன்-ஷுங்க்கோ ராஃப்டோ போட்டா வெள்ளைச் சுவர்லயும் ஏதோ நம்பர் வரும், ஆனா அது பக்கத்துல இருந்து இழுத்து நிரப்பினது. அதனால ஒவ்வொரு புள்ளியோட நம்பிக்கை அளவையும் (ஷி-டொமாசி சின்ன ஐகன் மதிப்பு, ஒன்பதாவதுல சொன்ன போய்ட்டு வர்ற சோதனை) கூடவே வெளியே அனுப்புங்க, அது குறைஞ்சா ட்ரோன் கேமராவை விட்டுட்டு வேற சென்சாரைக் கேக்குற மாதிரி எழுதுங்க. வீட்டு மொட்டைமாடில டெஸ்ட் பண்றவங்க கோலமாவுல குறுக்கும் நெடுக்குமா நாலு கோடு போட்டுக்கோங்க, எல்லாக் கட்டமும் ஒரே அளவா மட்டும் போட்டுடாதீங்க.